ஐந்து நட்சத்திரம் என்ன விலை?

கார்த்திகை கடைசி வாரம் அக்கா மகளோடு ஏற்காடு போய்விட்டு வந்தேன். வேண்டுதல் அவளுடையது, நான் துணைக்குப் போனவள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் தலை சுற்றாமல் இருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போனதைத் தவிர, இதில் என் பங்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். திரும்பி இறங்கும்போது என்னவோ குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்று கேளுங்கள்.

போன இதழில் வீட்டிலிருந்தே ஊறுகாய், அப்பளம் விற்கும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அக்கா மகளும் வீட்டிலிருந்துதான் விற்கிறாள். ஆனால் அவள் சரக்கைப் பாட்டிலில் அடைக்க முடியாது. அவள் செய்திருப்பது ஒரு ஆப். 'செயலி' என்றுதான் எழுத வேண்டும். வீட்டில் எல்லோரும் ஆப் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். தமிழாசிரியைகள் கோபிக்க வேண்டாம்.

இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள் அவள். அக்காவுக்குச் சர்க்கரை. "அரிசியைக் குறைச்சுக்கோங்க" என்று டாக்டர் சொன்னதிலிருந்து சாமை, தினை, குதிரைவாலி, கேழ்வரகு என்று அம்மாவுக்காக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து நோட்டில் எழுதி வைத்தாள். எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எத்தனை பங்கு தண்ணீர், குக்கரில் எத்தனை விசில் எல்லாம் அதில் இருக்கும். அறுபத்து நான்கு பதார்த்தங்கள் சேர்ந்தன. அதைத்தான் ஆப்பாகச் செய்தாள். கம்ப்யூட்டர் வேலை தெரிந்த ஒரு பையனுக்குக் கூலி கொடுக்க இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தாள். இது அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. (இந்தப் பத்திரிகையை அக்கா படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால், "தை முடியட்டும். நாலு காசு வந்தா சரி, இல்லேன்னா பழையபடி வேலைக்குப் போயிடு" என்று கெடு வைத்துவிட்டார்.

செல்போனுக்கென்று இந்த ஆப் கடை வந்து இன்னும் இருபது வருஷம்கூட ஆகவில்லை. ஆப்பிள் கம்பெனி 2008 ஜூலையில் கடையைத் திறந்தபோது அதில் இருந்தவை சுமார் 500 ஆப்கள். அதே வருஷம் கூகுளும் 'ஆண்ட்ராய்டு மார்க்கெட்' என்று திறந்தது. 2012-ல் 'கூகுள் பிளே' என்று பெயரை மாற்றிக்கொண்டது. இன்றைக்கு அங்கே குவிந்து கிடக்கும் லட்சக்கணக்கான ஆப்களுக்கு நடுவில் நம் வீட்டுப் பெண்ணின் சரக்கு ஒரு மூலையில் இருக்கிறது.

கடையில் இடம் பிடிப்பதே பெரிய பாடு. கூகுளில் பதிவுக் கட்டணம் ஒரே தடவை 25 டாலர். ஆப்பிளில் வருஷா வருஷம் 99 டாலர். அதனால் ஆப்பிள் பக்கமே அவள் போகவில்லை. கூகுளில் பணம் கட்டியதோடு முடியவில்லை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனி ஆளாகக் கணக்குத் திறந்தவர்கள், ஆப்பைப் பொதுவில் வைப்பதற்கு முன்னால் சிலருக்குக் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று ஒரு விதி. முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு பேரைப் பிடிப்பது பந்திக்கு ஆள் பிடிப்பது போலத்தான். வருகிறேன் என்பார்கள், இலை போட்டபின் காணோம். எதற்கும் இருக்கட்டும் என்று பதினைந்து பேரைச் சேர்த்தாள். நான், என் நாத்தனார், அவளுடைய கல்லூரித் தோழிகள், எதிர்வீட்டு மாமி. ஒன்பதாம் நாள் மாமியின் பேரன் தன் விளையாட்டுக்கு இடம் போதவில்லை என்று பாட்டியின் போனிலிருந்து இதை அழித்துவிட்டான். நல்லவேளை, மிச்சமிருந்தவர்கள் பதினான்கு பேர்.

ஒருவழியாக ஆப் கடைக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் இறக்கிக்கொண்டோம். நட்சத்திரம் போட்டோம். ஐந்துக்கு ஐந்து! கீழே நாலு வரி அபிப்பிராயமும் எழுதினோம். மூன்று வாரத்தில் மொத்தம் 41 பேர் இறக்கியிருந்தார்கள். அதில் முப்பது பேரை எனக்கே பெயர் சொல்லித் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு ஆசாமி போனில் வந்தான். ஐந்து நட்சத்திர அபிப்பிராயம் ஐந்நூறு, பதினைந்தாயிரம் ரூபாய். "எல்லாரும் இப்படித்தான் மேடம் மேல வர்றாங்க" என்றானாம். கூடவே ஒரு யோசனையும் சொன்னான். பெயரிலேயே 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று சேர்த்துவிட வேண்டுமாம், ஜனங்கள் அதைத்தான் தேடுகிறார்களாம்.

இவள் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. இன்னொரு வளையலை வைக்கலாமா என்று யோசித்திருக்கிறாள். அப்புறம்தான், "சித்தி, சேர்வராயன் கோயிலுக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டாள்.

சேலத்துக்காரர்களுக்குச் சேர்வராயனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலையின் உச்சியில், 5,326 அடி உயரத்தில் ஒரு குகைதான் கோயில். கோபுரமும் கிடையாது, பிராகாரமும் கிடையாது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், யாராயிருந்தாலும் சரி. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகை உள்ளுக்குள்ளேயே காவேரி ஆறு வரைக்கும் போகிறது என்று மலை ஜனங்கள் நம்புகிறார்கள். வைகாசி வாக்கில், மே மாதத்தில், திருவிழா நடக்கும்போது மலைக் கிராமங்கள் அத்தனையும் அங்கே வந்துவிடும். நாங்கள் போன அன்று கூட்டமே இல்லை. மைதானம் போலப் பரந்து கிடந்த உச்சியில் மூடுபனி வருவதும் போவதுமாக இருந்தது.

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே புல்லில் உட்கார்ந்தோம். அதுவரை சிக்னல் இல்லாமல் கிடந்த போன் திடீரென்று கிணுங்கியது. புது அபிப்பிராயம் ஒன்று வந்திருக்கிறது. ஒரே ஒரு நட்சத்திரம்.

அவள் முகம் செத்துப்போய்விட்டது. வாய்விட்டுப் படித்தாள். யாரோ ஒரு பெண், நமக்குத் தெரியாதவர், எழுதியிருந்தார். எல்லாம் 'ஒரு கப்', 'ஒரு கப்' என்று போட்டிருக்கிறதே, எந்தக் கப்? எங்கள் வீட்டில் ஆழாக்கும் டம்ளரும்தான் இருக்கிறது, சாமைப் பொங்கல் கூழாகிவிட்டது என்று.

எனக்கு வந்ததே கோபம்! "யாருடி அவ, ஒரு கப்புன்னா தெரியாதா? ஒண்ணைப் போட்டு மானத்தை வாங்கறா. நாங்க இத்தனை பேர் அஞ்சு அஞ்சா போட்டிருக்கோமே!" என்றேன்.

அவள் பதில் பேசவில்லை. பழைய அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். 'சூப்பர்', 'அருமை', 'வாழ்த்துக்கள்'. கடைசியில் என்னுடையது வந்தது. 'மிகவும் பயனுள்ளது. ஒவ்வொரு இல்லத்தரசியும் அவசியம் வைத்திருக்க வேண்டியது.' எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

"சித்தி, நீங்க இதுல எதைச் செஞ்சு பாத்தீங்க?"

நான் மூடுபனியைப் பார்த்தேன். ஒன்றுகூடச் செய்யவில்லை. பதினான்கு நாள் ஆப்பைத் திறந்து திறந்து மூடினேனே தவிர அடுப்பில் ஏற்றவில்லை. அதில் ஒன்றையாவது செய்து பார்த்திருந்தால், எந்தக் கப் என்ற சந்தேகம் எனக்கல்லவா முதலில் வந்திருக்கும்? முப்பத்தைந்து வருஷமாக அடுப்படியில் நிற்கிறவள் நான். என்னிடம் வந்திருக்க வேண்டிய கேள்வியை முகம் தெரியாத ஒருத்தி கேட்டிருக்கிறாள். அந்த ஆசாமி பணத்துக்குப் போடுகிறேன் என்றான், நாங்கள் பாசத்துக்குப் போட்டோம். ஆனால் ஆப்பைத் தேடிவந்து படிக்கிறவளுக்கு இரண்டும் பொய்தானே?

கடையின் விதியும் இதைத்தான் சொல்கிறது என்று அவள் அங்கேயே எடுத்துக் காட்டினாள். காசு கொடுத்தோ பரிசு கொடுத்தோ நட்சத்திரம் வாங்கக்கூடாது. கண்டுபிடித்தால் நட்சத்திரங்களை எடுத்துவிடுவார்கள். ஆப்பையே கடையிலிருந்து தூக்கிவிடவும் கூடும். இன்னொரு சங்கதி, பழைய நட்சத்திரத்தைவிட அண்மையில் விழுந்த நட்சத்திரத்துக்குத்தான் 2019 முதல் கணக்கில் மதிப்பு அதிகம். ஆக, இன்று ஐந்நூறு வாங்கினாலும் கூழான பொங்கலைச் சாப்பிட்டவர்கள் நாளைக்கு ஒவ்வொன்றாகப் போடத்தான் போகிறார்கள்.

இறங்கும் வழியில் ஒரு கடையில் நின்றோம். சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிற மிளகு, காப்பிக்கொட்டை, ஏலக்காய் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாக வைத்திருந்தார் ஒரு பாட்டி. ஓரத்தில் ஒரு பையில் கேழ்வரகு.

"மில்லட் மாவு இருக்கா பாட்டி?" என்று இவள் கேட்டாள். பாட்டிக்குப் புரியவில்லை. "ராகிங்க" என்று நான் சொன்னதும், "கேவுரா? அப்படிக் கேளு சாமி" என்றார்.

வண்டியில் ஏறியதும் இவள் போனைத் திறந்து தன் ஆப்பின் பெயரைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் 'மில்லட்' என்ற சொல்லோடு எதையோ ஒட்ட வைத்த பெயர். அந்தப் பையன் 'ஸ்டைலா இருக்கும்' என்று வைத்தது. கேழ்வரகு என்பார் ஒருவர், ராகி என்பார் இன்னொருவர், தெற்கே கேப்பை என்பார்கள், பேச்சில் கேவுரு. தேடுகிற பெண் தன் ஊர்ச் சொல்லைத்தான் தட்டுவாள். அந்தச் சொல் ஒன்றுகூட இவள் கடைப்பலகையில் இல்லை! விளக்கம் முழுவதும் ஆங்கிலம். அப்புறம் எப்படி நாற்பத்தோராவது ஆளுக்கு மேல் வருவார்கள்?

சேலம் வந்ததும் நேரே என் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். கூகுள் கடையில் பெயருக்கு இடம் 30 எழுத்துதான். இதில் தமிழுக்கு ஒரு சங்கடம். 'சா' நமக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு 'ச' ஒன்று, கால் ஒன்று, ஆக இரண்டு. புள்ளியும் தனிக் கணக்கு. விரல் விட்டு எண்ணி, அடித்து அடித்து எழுதி, கடைசியில் 'சிறுதானியச் சமையல்: சாமை, தினை' என்று வைத்தோம். சந்தேகமிருந்தால் எண்ணிப் பாருங்கள், சரியாக முப்பது. ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. கேழ்வரகுக்கு இடமில்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். அதை அடுத்த வரிக்குத் தள்ளினோம். பெயருக்குக் கீழே வரும் சிறு விளக்கத்துக்கு 80 எழுத்து உண்டு. பெரிய விளக்கத்துக்கு 4,000. அதில் ராகி, கேப்பை எல்லாப் பெயரையும் வாக்கியத்தில் வருகிற மாதிரி எழுதினோம். வெறும் சொற்களை மளிகைச் சீட்டு மாதிரி வரிசையாகக் கொட்டினால் கடைக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை. 'முதல் தரம்', 'நம்பர் ஒன்' என்று பெயரில் பீற்றிக்கொள்ளவும் கூடாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழர்கள் செய்த ஆப்களில் நிலைத்தவற்றைப் பாருங்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கி, 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிட்ட 'செல்லினம்' இருக்கிறதே, செல்போனில் தமிழ் எழுத என்று வந்தது. வல்லினம், மெல்லினம் படித்த எவருக்கும் அந்தப் பெயர் மறக்காது. நம் அரசாங்கம் 2018-ல் விவசாயிகளுக்குக் கொண்டுவந்த ஆப்புக்கு 'உழவன்' என்றே பெயர். யாருக்கு, எதற்கு என்று கேட்கவே வேண்டாம்.

ஆனால் பெயர் மட்டும் போதாது என்பதற்கு 'அரட்டை' சாட்சி. தென்காசிப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கிற ஸோஹோ கம்பெனியின் ஆப் அது. 2021-லேயே வந்துவிட்டது. நாலு வருஷம் பலர் கண்ணில் படாமல் கிடந்தது. 2025 செப்டம்பரில் சுதேசி ஆப் என்று மத்திய மந்திரிகளே எடுத்துச் சொன்னதும், நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்தது மூன்றே நாளில் 3,50,000 ஆகிவிட்டது என்று அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். கடைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அந்தக் கூட்டத்தைத் தாங்க அவர்கள் ராப்பகலாக வேலை செய்ய வேண்டியதாயிற்று. சில வாரம் கழித்துப் பட்டியலில் இறங்கியும் விட்டது. வந்தவர்களுக்குப் பேச எதிர்முனையில் ஆள் வேண்டுமே. சொந்தக்காரர்கள் எல்லாம் பழைய ஆப்பிலேயே இருந்தால் இவர் மட்டும் யாரோடு அரட்டை அடிப்பார்? அவ்வளவு பெரிய கம்பெனிக்கே கூட்டத்தைக் கூட்டுவதைவிடக் கூட்டத்தை நிறுத்தி வைப்பது கஷ்டம் என்றால், இரண்டு பவுன் சங்கிலியில் தொடங்கிய கடைக்குக் கேட்க வேண்டுமா?

படங்களையும் மாற்றினாள். முதலில் வாழையிலையில் அலங்காரமாகப் பரிமாறிய படம் ஒன்று இருந்தது, எங்கேயோ வாங்கியது. அதை எடுத்துவிட்டு, ஆப்பில் அளவு காட்டுகிற பக்கத்தையே முதல் படமாக வைத்தாள். அந்தப் பக்கத்தைத்தான் அதற்கு முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தியிருந்தாள். இப்போது கப், டம்ளர், ஆழாக்கு, கிராம் நான்கில் எதை வேண்டுமானாலும் தொடலாம். அளவு தானாக மாறும். பாதிப் பேருக்கு ஒரு படத்தையும் மீதிப் பேருக்கு இன்னொரு படத்தையும் காட்டி, எதைப் பார்த்து அதிகம் பேர் இறக்குகிறார்கள் என்று பார்க்கும் வசதியைக் கூகுள் இலவசமாகவே கொடுக்கிறது. ஆனால் வருகிறவர்களே பத்துப் பேர் என்றால் அதில் என்ன தெரியப்போகிறது? அதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

'சர்க்கரை குணமாகும்' விஷயத்தில்தான் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம். "குணமாகும்னு போட வேணாம் சித்தி, 'கட்டுப்படும்'னு போடலாமா?" என்றாள். கெடு நெருங்குகிற பயம் அவளுக்கு. நான் அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "நீ தினமும் சாமைதானே சாப்பிடறே, மாத்திரையை நிறுத்திட்டியா?" என்று கேட்டேன். "எவ நிறுத்தச் சொன்னா? டாக்டர் கொன்னுடுவார்!" என்றாள் அக்கா. போதுமே!

படிக்கிற நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். சாமையோ தினையோ கேழ்வரகோ, நூறு கிராம் தானியத்தில் ஏறக்குறைய அறுபது கிராமோ அதற்கு மேலோ மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூடுதல், தீட்டிய அரிசியைவிட நல்லது, வாஸ்தவம். அதற்காக மூக்குமுட்டச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. உடம்பு சம்பந்தமாகத் தப்பான வாக்குக் கொடுக்கும் ஆப்பைக் கூகுளும் அனுமதிப்பதில்லை. சட்டம் கிடக்கட்டும். யாரோ ஒரு அம்மா அந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்தப் பாவம் யாரைச் சேரும்? ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே 'ஒருவருக்கு இவ்வளவு' என்று அளவும், 'டாக்டர் சொன்ன மருந்தை நிறுத்தாதீர்கள்' என்று ஒரு வரியும் சேர்த்தாள்.

ஒற்றை நட்சத்திரம் போட்ட பெண்ணுக்கும் பதில் எழுதினாள். அபிப்பிராயத்துக்குக் கீழேயே ஆப் செய்தவர் பதில் சொல்லலாம், எல்லோரும் பார்ப்பார்கள். 'தப்பு என்னுடையதுதான், டம்ளர் கணக்கும் ஆழாக்குக் கணக்கும் சேர்த்துவிட்டேன், இன்னொரு தடவை செய்து பாருங்கள்' என்று. பத்து நாள் பதிலில்லை. பதினொன்றாம் நாள் அந்த ஒன்று, நான்காக மாறியது. கீழே, 'இப்ப உதிரியா வருது' என்று மட்டும்.

இதை எழுதும்போது கணக்கு 41-லிருந்து 380. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. தை முடிய ஐந்து வாரம் இருக்கிறது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ராத்திரி அவரே போனை எடுத்து எண்ணிக்கையைப் பார்க்கிறார் என்று கேள்வி.

நான் என் ஐந்து நட்சத்திரத்தை அழித்துவிட்டேன். நாத்தனாரையும் தோழிகளையும் அழிக்கச் சொன்னோம். எதிர்வீட்டு மாமிக்கு எப்படி அழிப்பதென்று தெரியவில்லை, பேரன் ஞாயிற்றுக்கிழமை வருவானாம். பிறகு ஒரு நாள் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடியே, என் கைமணக் கணக்கு எதையும் கலக்காமல், சாமைப் பொங்கல் செய்தேன். நன்றாகத்தான் வந்தது. உப்பு மட்டும் அரை ஸ்பூன் அதிகம். கடையில் எழுதவில்லை, போனில் கூப்பிட்டு அவளிடமே சொன்னேன். "சித்தி, அம்மாவும் இதையேதான் சொன்னாங்க" என்றாள்.